ரேஸ் அட்டையைத் தரையில் தொடங்கி விலையில் முடிப்பது: ஒரு நாள் ஓட்டங்களை முன்கூட்டிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

வவுனியாவில் ஒரு பின்னேரம் குதிரைப் பந்தயம் கட்டும் ரேஸ் கடை ஒன்றின் வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். உள்ளே வருகிறவர்களில் அநேகர் முதலில் நிமிர்ந்து பார்ப்பது திரையில் ஓடும் விலையைத்தான், அதாவது வென்றால் எத்தனை மடங்கு கிடைக்கும் என்று கடை சொல்வதை. எது ஆகக் குறைந்த விலையோ அதன் பெயரைப் பந்தயத் துண்டில் எழுதுவார்கள். அது ஏன் வெல்லும் என்ற விளக்கம் அதற்குப் பிறகுதான் பக்கத்தில் நிற்பவருக்குக் கிடைக்கும். நானும் அப்படித் தொடங்கிய ஆள்தான்.

இங்கே சொல்லப்போவது அந்த வரிசையைத் தலைகீழாக்குவது. தரை, தூரம், குதிரை, சுமை எல்லாம் முடிந்து கடைசியில்தான் விலை. விலையை முதலில் பார்த்துவிட்டால் மிச்ச வேலை முழுவதும் அதற்குச் சாட்சி தேடுவதாகிவிடும்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் பார்ப்பது பெரும்பாலும் இங்கிலாந்து ஓட்டங்கள் என்பதால் உதாரணங்களும் அங்கிருந்துதான். ஏப்ரலில் நுவரெலியா ரேசுக்குப் போகிறவர்களும் இதே வரிசையில் பார்க்கலாம்.

தொடங்குமுன் என்னென்ன வேண்டும்

ஒரு எண்பது பக்கக் கொப்பி, பேனை, டேற்றா உள்ள போன், இரண்டு மணித்தியாலம். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஓடும் குதிரைகளின் விவரம் உள்ள ரேஸ் அட்டைகள் ஸ்போர்ட்டிங் லைஃப், அட் த ரேசஸ் போன்ற தளங்களில் இலவசமாகவே கிடைக்கும். ஆங்கிலம் ஓடாது என்று பயப்பட வேண்டாம். அட்டையில் திரும்பத் திரும்ப வருவது முப்பது நாற்பது சொற்கள்தான், ஒரு கிழமையில் கண்ணுக்குப் பழகிவிடும்.

கொப்பி ஏன் என்று தம்பிமார் கேட்பார்கள். போனில் அட்டையைத் திறந்தால் குதிரையின் பெயருக்குப் பக்கத்திலேயே விலையும் வந்து நிற்கும். தேவையானதை மட்டும் தாளுக்கு மாற்றிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தால்தான் உங்கள் மூளை வேலை செய்யும். பின்னேரத்தில் கரண்ட் போகிற ஊர் என்றால் இது இன்னும் வசதி.

அன்றைய காசையும் முதலே தனியாக எடுத்து வையுங்கள், நெல்லு விற்ற காசு கிடக்கிற பையில் கைவைக்காமல். இதைப் புத்திமதியாகச் சொல்லவில்லை. அது முறைக்குத் தேவையான ஒன்று. நான்காவது ஓட்டத்தில் தோற்ற காசை ஐந்தாவதில் எடுக்க நினைப்பவருக்கு அட்டை ஒழுங்காகத் தெரியாது.

1. நேரத்தை மாற்றி எழுதுங்கள்

அட்டையில் இருப்பது இங்கிலாந்து நேரம். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணித்தியாலம் கூட்டுங்கள். மற்ற மாதங்களில் ஐந்தரை. அங்கே 2.00 மணி ஓட்டம் ஜூனில் எங்களுக்கு மாலை 6.30, டிசம்பரில் 7.30.

அட்டை முன்கூட்டியே வந்துவிடும். தடை இல்லாத தட்டை ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னரே, தடை தாண்டல் ஓட்டத்துக்குப் பெரும்பாலும் முதல்நாள். ஆனால் தரை பற்றிய புதுத் தகவலும் விலகும் குதிரைகளும் அங்கே காலையில்தான் வரும், அதாவது எங்களுக்கு மத்தியானம். அதனால் முதல்நாள் இரவு பாதி வேலை, மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மிச்சம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. கடையில் நின்றுகொண்டு செய்யக்கூடிய வேலை இதில் எதுவும் இல்லை.

2. எந்த ஓட்டத்தை விடுவது என்று முதலில் முடிவெடுங்கள்

ஒரு சனிக்கிழமையில் நான்கைந்து மைதானம் ஓடும், ஒவ்வொன்றிலும் ஆறேழு ஓட்டம். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் ஒன்றையும் பார்க்க மாட்டீர்கள். மூன்று, மிஞ்சினால் நான்கு போதும்.

நான் விடுவது எவை என்றால்: இரண்டு வயதுக் குட்டிகள் முதன்முதலாக ஓடுபவை, ஏனென்றால் வாசிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. இருபதுக்கு மேல் குதிரை ஓடும் பெரிய ஹண்டிகப் (திறமைக்கேற்ப சுமை ஏற்றும் ஓட்டம்), ஏனென்றால் நெரிசலே பாதி முடிவைத் தீர்மானிக்கும். நான்கு குதிரைக்குக் குறைந்தவை, அதில் குதிரை ஓட்டும் ஜொக்கிமார் ஒருவரை ஒருவர் பார்த்து ஓட்டும் நாடகம்தான் அதிகம்.

இங்கிலாந்தின் பெரிய தடை தாண்டல் ஓட்டமான கிராண்ட் நஷனல் நாளில் கடை நிரம்பி வழியும். 34 குதிரை, நாலேகால் மைலுக்கு மேல் தூரம், 30 தாண்டல். பெயர் பிடித்த குதிரைக்கு நூறு ரூபா போட்டுவிட்டுப் பார்த்து ரசியுங்கள். கொப்பியைத் திறக்க வேண்டாம்.

எடுத்துக்கொள்ள வேண்டியது ஏழிலிருந்து பன்னிரண்டு குதிரை, நான்கு வயதுக்கு மேல், ஒவ்வொன்றும் எட்டுப் பத்துத் தடவை ஓடியிருக்கிற ஓட்டம். அதில்தான் கடந்தகாலம் எதையாவது சொல்லும்.

3. தரை

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூட நேரம் கொடுங்கள். காரணம் எளிது. தரை மாறினால் கீழே நீங்கள் எழுதப்போகும் எல்லாமே மாறும். கடைசியில் பார்த்தால் முழுவதையும் அழித்து எழுத வேண்டிவரும்.

வன்னியில் வளர்ந்தவருக்கு இதை விளக்குவது சுகம். ஆவணியில் காய்ந்து கிடக்கிற செம்மண் வீதி போல இருந்தால் அது ஃபேர்ம். அதில் ஒரு தூறல் விழுந்து காலுக்குக் கொஞ்சம் இளகினால் குட். தண்ணீர் வடிந்த மறுநாள் வயலுக்குள் இறங்குவது போல இருந்தால் சொஃப்ட். உழுத சேற்றில் கால் புதைந்து செருப்பு கையோடு வருமே, அது ஹெவி. இடையில் குட் டு ஃபேர்ம், குட் டு சொஃப்ட் என்று இரண்டு படி.

மாட்டுவண்டிச் சவாரித் திடலில் இதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த மண்ணில் பறக்கிற சோடி, முதல்நாள் மழை பெய்த திடலில் அரைவழியில் நாக்குத் தள்ளும். மாட்டில் குறை இல்லை, மண் வேறு. குதிரையிலும் அப்படித்தான். குளம்பு தட்டையாக, நடை உயரமாக உள்ளது சேற்றில் நிற்கும். தாழ்ந்த நடையில் வழுக்கிக்கொண்டு போவது காய்ந்த தரையை விரும்பும். இதைப் படத்தில் கண்டுபிடிக்க முடியாது, பழைய முடிவுகளில் கண்டுபிடிக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் திறந்து, இன்றைய தரைக்கு ஒத்தவற்றை மட்டும் கொப்பியில் எழுதுங்கள். சொஃப்ட் தரையில் ஐந்து ஓட்டம், இரண்டு வெற்றி என்றால் ஒரு சரி. நான்கு ஓட்டம், ஒன்றிலும் முதல் நான்குக்குள் இல்லை என்றால் ஒரு வெட்டு. ஒரு தடவையும் ஓடவில்லை என்றால் கேள்விக்குறி. கேள்விக்குறியை வெட்டாக மாற்ற வேண்டாம், புதியவர்கள் செய்கிற பிழை அது.

புல் இல்லாத செயற்கைத் தரை வேறு கணக்கு. கெம்ப்டன், லிங்ஃபீல்ட், வூல்வஹம்ப்டன், சவுத்வெல், நியூகாசில், செம்ஸ்ஃபோர்ட் ஆகிய ஆறு இடங்களிலும் தரை பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் என்றே இருக்கும், மழையால் அவ்வளவு மாறாது. தொடங்குகிறவர்களுக்கு நான் குளிர்கால மாதங்களில் இவற்றையே சொல்வேன். ஒரு பெரிய சிக்கல் குறைகிறது.

ஒரு தடவை முதல்நாள் இரவே எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன் என்ற பெருமையில் மறுநாள் தகவலைத் திறக்கவே இல்லை. அங்கே விடியற்காலையில் நல்ல மழை. நான் குட் டு ஃபேர்ம் என்று எழுதி வைத்திருந்தது சொஃப்ட் ஆகியிருந்தது. என் குதிரை கடைசிக்கு முதல் இடம். தோற்றது குதிரை இல்லை, பழைய தாள்.

4. தூரமும் மைதானத்தின் வடிவமும்

ஒரு பர்லாங் ஏறக்குறைய 201 மீற்றர். எட்டுப் பர்லாங் ஒரு மைல். ஒரு கிலோமீற்றருக்கு ஐந்து பர்லாங் என்று மனதில் வைத்தால் போதும்.

ஆறு பர்லாங்கில் வென்ற குதிரை ஒரு மைல் ஓடுமா என்பதற்கு எளிய சோதனை, அது முன்னர் எப்படி முடித்தது என்று பார்ப்பது. கடைசியில் இடைவெளியைக் குறைத்துக்கொண்டு வந்து இரண்டாவதாக முடித்திருந்தால் கூடிய தூரம் உதவும். முன்னால் போய்க் கடைசி நூறு மீற்றரில் விழுந்திருந்தால் உதவாது. ஓட்டக் குறிப்பிலேயே ஒரு வரியில் எழுதியிருப்பார்கள்.

இங்கிலாந்தில் ஒரு மைதானம் போல இன்னொன்று இருக்காது. செஸ்டர் இடப்பக்கமாகச் சுற்றும் சின்ன வட்டம், ஒரு சுற்று ஒரு மைல் அளவுதான், எந்நேரமும் வளைவு. எப்சம் சரிவில் இறங்கி வளையும். செல்ட்னம் கடைசியில் மேடு ஏறும். அதனால் அதே மைதானத்தில் முன்னர் ஓடியதா என்பது பெரிய விடயம். அட்டையில் சி என்ற எழுத்து இருந்தால் அதே மைதானத்தில் வென்றது, டி இருந்தால் அதே தூரத்தில், சிடி இருந்தால் அதே மைதானத்தில் அதே தூரத்தில்.

தட்டை ஓட்டத்தில் குதிரைக்கு ஒரு இலக்கமும், அது புறப்படும் பெட்டிக்கு இன்னொரு இலக்கமும் இருக்கும். அடைப்புக்குள் இருப்பதுதான் பெட்டி இலக்கம். இந்த இரண்டையும் மாற்றிப் பிடிக்கிறவர்களைக் கனக்கக் கண்டிருக்கிறேன். வளைவு மைதானத்தில் முதலாம் பெட்டி உள்வேலி ஓரம். செஸ்டரில் குறுந்தூர ஓட்டம் என்றால் சிறிய இலக்கத்துக்கு வெளிப்படையான லாபம், பத்தாம் பெட்டிக் குதிரை வளைவு முழுக்க வெளியால் சுற்ற வேண்டும். தூரம் கூடக் கூட இதன் பலம் குறையும். இரண்டு மைல் ஓட்டத்தில் பெட்டியைப் பற்றி யோசித்து நேரம் வீணாக்க வேண்டாம்.

5. எண் வரிசையை வாசிப்பது

பெயருக்கு முன்னால் 40-3212 போல ஒரு வரிசை இருக்கும். வலப்பக்கக் கடைசி எண்தான் ஆகப் பிந்திய ஓட்டம். எங்கள் வீட்டுக்கு வருகிற மருமகன் ஒருத்தன் ஒரு மாதம் முழுக்க இதை இடமிருந்து வாசித்துவிட்டு, “மாமா, இந்தக் குதிரை முந்தநாள் வென்றது” என்று சாதித்துக்கொண்டிருந்தான். வென்றது போன வருடம்.

பூச்சியம் என்றால் ஓடவில்லை என்பதல்ல, பத்தாவது இடம் அல்லது அதற்குப் பின்னால். சிறு கோடு ஒரு பருவம் முடிந்ததைக் காட்டும். சரிந்த கோடு அதைவிட நீண்ட இடைவெளி. தாண்டல் ஓட்டங்களில் எழுத்துகளும் வரும். பி (P) என்றால் ஜொக்கியே நிறுத்திவிட்டார், எஃப் என்றால் விழுந்தது, யு என்றால் ஆளை விழுத்திவிட்டு ஓடியது.

இந்த வரிசையை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். அது எங்கே தோண்டுவது என்று காட்டும் குச்சி. ஒரு குதிரைக்கு 7 என்று இருந்தால் உடனே கேளுங்கள்: எந்தத் தரையில்? எத்தனை குதிரையில்? எவ்வளவு தூரத்தில் தோற்றது? பதினாறில் ஏழாவது, மூன்று உடல்நீளத்தில் தோற்றது என்றால் அது நல்ல ஓட்டம். ஐந்தில் இரண்டாவது, பன்னிரண்டு உடல்நீளம் பின்னால் என்றால் அந்த 2 வெறும் அலங்காரம்.

6. வகுப்பும் சுமையும்

பிரித்தானிய ஓட்டங்களுக்கு வகுப்பு உண்டு, ஒன்று ஆக உயர்ந்தது. ஆறாம் வகுப்பில் வென்றுவிட்டு ஐந்தாம் வகுப்புக்கு ஏறுகிற குதிரையும், நாலில் அடி வாங்கி ஐந்துக்கு இறங்குகிற குதிரையும் ஒரே ஓட்டத்தில் சந்திக்கும்போது புதியவர் முதலாவதைப் பிடிப்பார். அதன் கடைசி எண் 1 அல்லவா. நான் இரண்டாவதை இன்னொரு தடவை பார்ப்பேன்.

ஹண்டிகப் என்றால் திறமைக்கேற்ப சுமை ஏற்றி எல்லாவற்றையும் சமப்படுத்துகிற ஓட்டம். அதிகாரபூர்வ மதிப்பெண் ஒன்று கூடினால் ஒரு இறாத்தல் கூடும். பதினான்கு இறாத்தல் ஒரு ஸ்டோன். புதிய மதிப்பெண்கள் செவ்வாய்க்கிழமைகளில் வரும். அதற்கு முன்னர் வென்றுவிட்டு உடனே திரும்ப ஓடுகிற குதிரைக்குத் தண்டச் சுமை ஏற்றுவார்கள்.

இறாத்தலை எப்படித் தூரமாக மாற்றுவது? ஐந்து பர்லாங்கில் ஒரு உடல்நீளம் சுமார் 3 இறாத்தல், ஒரு மைலில் சுமார் 2, இரண்டு மைலில் சுமார் 1. உதாரணமாகப் போன மாதம் ஒரு மைலில் சம சுமையோடு ஒரு குதிரை மற்றதை இரண்டு உடல்நீளத்தால் வென்றது. அது 4 இறாத்தல். அன்று வென்ற குதிரை இன்று 6 இறாத்தல் கூடச் சுமக்கிறது என்றால், தாளில் தோற்ற குதிரை ஒரு உடல்நீளம் முன்னால். தாளில்தான். ஆனால் பழைய பகையாளிகள் திரும்பச் சந்திக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.

இன்னும் ஒன்று. ஒரு குதிரை கடைசியாக எந்த மதிப்பெண்ணில் வென்றது என்று பாருங்கள். 78இல் வென்ற குதிரை ஒரு வருடம் தோற்றுத் தோற்று இன்று 73இல் ஓடுகிறது, அதற்குப் பிடித்த தரையும் வந்திருக்கிறது என்றால் அதன் பெயருக்குக் கீழே கோடு போடுங்கள்.

7. யார் முன்னால் போவார்?

இந்தப் படியை அநேகர் செய்வதே இல்லை. ஒவ்வொரு குதிரைக்கும் பக்கத்தில் மு, ந, பி என்று எழுதுங்கள்: முன்னால் போவது, நடுவில் நிற்பது, பின்னாலிருந்து வருவது. பழைய ஓட்டக் குறிப்புகளில் இருக்கும்.

முன்னால் போகிற குதிரை ஒன்றே ஒன்று என்றால் அதை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். தன் இஷ்டத்துக்கு மெதுவாக இழுத்துப்போய்க் கடைசியில் மிச்சம் வைத்திருக்கும். மூன்று நான்கு இருந்தால் ஒன்றையொன்று எரித்துவிடும், பின்னாலிருந்து வருவதற்குக் கொண்டாட்டம். சின்ன வட்ட மைதானத்தில் முதல் வகைக்கு இன்னும் பலம்.

8. பயிற்றுநர், ஜொக்கி, சிறு குறிகள்

ஜொக்கியின் பெயருக்காகக் குதிரையை எடுக்க வேண்டாம். பெரிய ஜொக்கி ஏறினால் விலைதான் இறங்கும். மாறாக, பழகுநர் ஜொக்கி ஏறினால் 7, 5 அல்லது 3 இறாத்தல் சலுகை கிடைக்கும். வென்ற எண்ணிக்கை கூடக் கூட அந்தச் சலுகை குறையும். சலுகை குறைகிற வெற்றிக் கணக்குக்குக் கிட்ட நிற்கிற பையன் 5 இறாத்தல் சலுகையோடு ஏறினால் அதைக் கவனியுங்கள்.

பயிற்றுநரின் கடந்த இரண்டு வாரத்தைப் பாருங்கள். அவருடைய எல்லாக் குதிரையும் பின்னால் வந்துகொண்டிருந்தால் தொழுவத்தில் ஏதோ தடிமன் காய்ச்சல் இருக்கலாம்.

கண்மறைப்பு, நாக்குக் கட்டு போன்றவை முதல் தடவை என்றால் பக்கத்தில் 1 என்று இருக்கும். 2018இலிருந்து மூச்சுக்குழாய் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய ஓட்டத்தையும் குறிக்கிறார்கள். இவை எல்லாம் பயிற்றுநர் எதையோ மாற்றிப் பார்க்கிறார் என்பதற்கு அடையாளம், அவ்வளவே.

9. நூறைப் பங்கிடுங்கள்

போன் இன்னும் கவிழ்ந்துதான் இருக்க வேண்டும். இப்போது கொப்பியில் உள்ளதை வைத்து, இந்த ஓட்டம் நூறு தடவை ஓடினால் யார் எத்தனை தடவை வெல்வார் என்று பங்கிடுங்கள். மொத்தம் நூறைத் தாண்டக்கூடாது. அதுதான் உங்களை நேர்மையாக வைத்திருக்கும். ஒரு குதிரைக்குக் கூட்ட வேண்டுமென்றால் இன்னொன்றிடம் பிடுங்க வேண்டும்.

நான் பழக்குவதற்கு வைத்திருக்கிற கற்பனை அட்டை ஒன்று. ஐந்தாம் வகுப்பு ஹண்டிகப், ஒரு மைல், தரை சொஃப்ட், ஏழு குதிரை.

ஒன்றாம் இலக்கம், மதிப்பெண் 75. போன தடவை வென்றது, ஆனால் வெற்றி எல்லாம் காய்ந்த தரையில். சொஃப்டில் இரண்டு தடவை ஓடி ஏழாவது, எட்டாவது. இதற்கு 10.

இரண்டாம் இலக்கம், 73. சொஃப்டில் 78இல் வென்றிருக்கிறது. கடைசி மூன்று ஓட்டம் 4, 3, 2 என்று ஏறிவருகிறது. இதற்கு 30.

மூன்றாம் இலக்கம், 72. மூன்று தடவைதான் ஓடியது, முதல் ஹண்டிகப். எதுவும் நடக்கலாம், 17.

நான்காம் இலக்கம், 70. முன்னால் போவது, ஆனால் வெற்றி எல்லாம் ஆறு பர்லாங்கில். சேற்றில் இன்னும் இரண்டு பர்லாங் அதற்கு மலை. 6.

ஐந்தாம் இலக்கம், 68. பத்துப் பர்லாங்கில், சொஃப்டில் வென்றது. தூரம் குறைகிறது, ஆனால் சேறு தூரத்தைக் கூட்டும். 20.

ஆறாம் இலக்கம், 66. பதினான்கு ஓட்டம், எப்போதும் இரண்டு மூன்று, ஒரு வெற்றி இல்லை. நல்ல பிள்ளை, 13.

ஏழாம் இலக்கம், 64. மூன்று பூச்சியம், நான்கு மாதம் ஓய்வு, முதல் தடவை நாக்குக் கட்டு. 4.

கூட்டிப் பாருங்கள், நூறு வரும். முதல் நாட்களில் உங்களுக்கு 140 வரும். எல்லாருக்கும் அப்படித்தான்.

10. இப்போதுதான் விலை

7/2 என்றால் இரண்டு வைத்தால் ஏழு லாபம். அதைச் சதவீதமாக்க, கீழே உள்ள எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் பிரியுங்கள்: 2 ÷ 9, அதாவது 22.2. கடை அந்தக் குதிரைக்குக் கொடுக்கிற வாய்ப்பு அவ்வளவு.

எங்கள் கற்பனை ஓட்டத்துக்குக் கடையின் விலை இப்படி என்று வையுங்கள். ஒன்றுக்கு 2/1, அதாவது 33.3. இரண்டுக்கு 7/2, 22.2. மூன்றுக்கு 4/1, 20. நான்குக்கு 12/1, 7.7. ஐந்துக்கு 6/1, 14.3. ஆறுக்கு 5/1, 16.7. ஏழுக்கு 25/1, 3.8. மொத்தம் 118. உங்கள் நூறு கடையில் நூற்றுப் பதினெட்டு. அந்தப் பதினெட்டுத்தான் கடையின் சாப்பாடு. கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் அதைக் கட்டுவது நீங்கள்.

இப்போது இரண்டு நிரலையும் ஒப்பிடுங்கள். போன தடவை வென்ற ஒன்றாம் இலக்கத்தைக் கடை பேவரிட் (ஆகக் குறைந்த விலைக் குதிரை) ஆக்கி 33 சொல்கிறது, நான் 10 சொல்கிறேன். தொடத் தேவையில்லை. இரண்டாம் இலக்கம் எனக்கு 30, கடைக்கு 22. ஐந்தாம் இலக்கம் எனக்கு 20, கடைக்கு 14. இந்த இரண்டும்தான் பேசவேண்டியவை. ஐந்நூறு ரூபா வைப்பதென்றால் நான் இரண்டில் வைப்பேன். வென்றால் 1,750 லாபமும் வைத்த காசும், கடையோ அரசோ கழிப்பது போக.

இன்னொன்றும் மறக்க வேண்டாம். என் கணக்குப்படியே இரண்டாம் இலக்கம் நூறில் எழுபது தடவை தோற்கும். பேவரிட் குதிரைகளே ஏறக்குறைய மூன்றில் ஒரு ஓட்டத்தைத்தான் வெல்கின்றன. தோற்றவுடன் முறையை மாற்றுகிறவர் ஒரு முறையையும் பழக மாட்டார்.

எந்த ஓட்டத்திலும் உங்கள் எண் கடையின் எண்ணைவிட நன்றாகக் கூடாவிட்டால்? அந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள். சில மாலைகளில் நான் கொப்பியை மூடிவிட்டுச் சும்மா ரேஸ் பார்த்துவிட்டு வருவதுண்டு. கூட வந்தவர்களுக்கு அது விசர் வேலையாகத் தெரியும்.

11. துண்டு எழுதும்போது

விலகிய குதிரைகளைக் கடைசியாக ஒரு தடவை பாருங்கள். முன்னால் போகிற ஒரே குதிரை விலகிவிட்டால் ஏழாம் படியைத் திரும்பச் செய்ய வேண்டும். குறைந்த விலைக் குதிரை விலகினால் வென்ற காசிலும் ஒரு பங்கு வெட்டுவார்கள்.

மைதானத்தின் பெயர், நேரம், குதிரையின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இரண்டு மைதானத்தில் ஓட்டம் இருக்கும். வெறும் இலக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்து, வேறு மைதானத்து நாலாம் இலக்கத்துக்குப் போய்விட்ட துண்டு ஒன்றை நானே கையில் வைத்துக்கொண்டு வாயடைத்து நின்றிருக்கிறேன்.

வின் மட்டுமா, பிளேசும் (முதல் சில இடங்களுக்குள் வருவதும்) சேர்த்தா என்பதையும் முதலே முடிவெடுங்கள். இங்கிலாந்து வழக்கத்தில் ஐந்திலிருந்து ஏழு குதிரை என்றால் முதல் இரண்டு இடம், விலையில் காற்பங்கு. எட்டு அல்லது அதற்கு மேல் என்றால் மூன்று இடம், ஐந்திலொரு பங்கு, பன்னிரண்டு முதல் ஓடும் ஹண்டிகப்பில் அது காற்பங்கு. பதினாறு அல்லது அதற்கு மேல் ஓடும் ஹண்டிகப்பில் நான்கு இடம், காற்பங்கு. கடைக்குக் கடை விதி வேறுபடும், சுவரில் ஒட்டியிருப்பதை வாசியுங்கள். எட்டுக் குதிரை ஏழாகினால் மூன்றாம் இடம் காற்றோடு போய்விடும், அதனால்தான் விலகிய குதிரையை முதலில் பார்க்கச் சொன்னேன். பிளேசும் சேர்த்தால் இரட்டைக் காசு. நூறு ரூபா என்று சொன்னால் இருநூறு போகும்.

12. மறுநாள்

முடிவு தெரிந்தவுடன் கொப்பியை எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நான்கு நிரல் வைத்திருக்கிறேன்: நான் கொடுத்த எண், கடையின் எண், வந்த இடம், ஏன். கடைசி நிரலை எழுதுவதற்கு ஓட்டத்தின் வீடியோவைத் திரும்பப் பார்க்க வேண்டும். அடைபட்டு வழி கிடைக்காமல் நாலாவதாக வந்த குதிரையும், தாராளமாக ஓடி நாலாவதாக வந்த குதிரையும் அட்டையில் ஒரே 4 ஆகத்தான் அடுத்த மாதம் வரும். வித்தியாசம் உங்கள் கொப்பியில் மட்டும் இருக்கும்.

ஐம்பது ஓட்டம் எழுதிய பிறகு நீங்கள் 30 கொடுத்த குதிரைகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட வென்றிருந்தால் உங்கள் கை சரி. ஐந்தில் ஒன்றுதான் என்றால் எங்கேயோ ஒரு படியில் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னுடையதை எண்ணியபோது ஓட்டை தரையில்தான் இருந்தது. சொஃப்ட் என்ற சொல்லைக் கண்டவுடன் சேற்றுக் குதிரைகளுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறேன். இப்போது அந்த இடத்தில் ஐந்தைக் குறைத்துத்தான் எழுதுகிறேன்.